கிளை வெட்டவும் கச்சேரி வாசலா?

ஓர் ஆட்சியின் தன்மையை அறிய விரும்புவோர் அதன் பாராளுமன்றத்தை மட்டும் பார்த்தாற் போதாது; அதன் கிராம அலுவலகத்தின் வாசலையும் பார்த்தல் வேண்டும். அரசியலமைப்புத் திருத்தங்களைப் பற்றி இராப்பகலாக வாதிக்கும் நாம், நமது வீட்டுக் கூரைமேற் சாய்ந்து நிற்கும் வேப்பங்கிளையை வெட்டும் அதிகாரம் நம்மிடம் உள்ளதா, அயலவரிடம் உள்ளதா, பிரதேச சபையிடம் உள்ளதா, கச்சேரியிடம் உள்ளதா என்று எவரேனும் கேட்டால் விடை தெரியாது விழிக்கின்றோம். கேட்பவர் பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விடைகள் கிடைக்கின்றன. பத்தும் வாய்மொழி விடைகள். எழுத்தில் ஒன்றும் இல்லை.

இஃது அற்ப விடயம் என்று கருதுவோர் 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 ஆம் திகதியை நினைவுகூர்வாராக. அன்று காலை, கொழும்பு கொள்ளுப்பிட்டியில், வீதியோரத்துப் பெருமரமொன்று பயணிகள் பேருந்தின் மேல் வீழ்ந்தது. ஐந்து உயிர்கள் மாண்டன. பொறியியலாளருக்கும் உத்தியோகத்தருக்கும் இயந்திரங்களுக்கும் குறைவில்லாத கொழும்பு மாநகரத்தின் நடுவே நிகழ்ந்த அனர்த்தம் அது. அங்கேயே இந்த நிலையென்றால், ஏணி ஒன்றும் கைவாள் ஒன்றும் வாங்குவதற்கே தீர்மானம் நிறைவேற்றவேண்டிய நமது சிறிய சபைகளின் எல்லைக்குள் வாழும் மக்களின் கதி என்ன? பாடசாலை வாசலிலும் சந்தை ஓரத்திலும் கோயில் வீதியிலும் உளுத்துப்போய் நிற்கும் மரங்களுக்குப் பொறுப்பாளி யார்?

இக்கேள்விக்குச் சட்டம் தெரிந்தவர்கள் விடைகூறக் கடமைப்பட்டுள்ளனர். கமக்காரருக்கும் உத்தியோகத்தருக்கும் வளவுக்காரருக்கும் விளங்கும் மொழியில் அதனைக் கூற முற்படுகின்றோம்.

வீழ்த்துதல் வேறு, கிளை களைதல் வேறு

மரத்திற் கத்தி பட்டாலே குற்றம் என்ற ஓர் அச்சம் கிராமங்களிற் பரவியுள்ளது. அது முழு உண்மையன்று. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாட்டு)ச் சட்டம், அதன் பெயரே உணர்த்துவதுபோல், மரத்தை வெட்டி வீழ்த்துவதைக் கட்டுப்படுத்த எழுந்தது. அதன்கீழ் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி வீழ்த்தலாகாது. மூன்றும் மனிதனுக்கு உணவளிக்கும் மரங்கள். பஞ்சம் வந்தாற் பசி தீர்ப்பவை. ஆகவே, தன் காணியில் நிற்கும் மரமாயினும் தன் இச்சைப்படி வீழ்த்தும் உரிமை உடையவனுக்கு இல்லை என்று சட்டம் கூறுவதை நாம் குறைகூறோம். அது நல்ல சட்டமே.

வீழ்த்திய மரத்தைக் குற்றிகளாக ஏற்றிச் செல்வதற்கு வேறொரு சட்டம் உண்டு. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டமும் அதன்மேல் வந்த திருத்தங்களும், விலக்களிக்கப்பட்ட சில இனங்கள் நீங்கலாக, மரம் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் வேண்டுமென்கின்றன. களவாகக் காடு வெட்டுவோரைப் பிடிப்பதற்கு அதுவும் வேண்டியதே.

ஆனால் இவ்விரண்டு சட்டங்களின் நோக்கம் என்ன? மரத்தின் உயிரைக் காப்பதும் காட்டின் செல்வத்தைக் காப்பதுமாகும். பூவரசங் கதியாலின் தலையை வெட்டி, அந்தக் குழையைத் தோட்டத்திற் தாட்டுப் பசளையாக்கும் கமக்காரன் எந்த மரத்தின் உயிரைப் போக்கினான்? ஆட்டுக்குக் கிளுவைக் குழை ஒடிக்கும் விதவைத் தாய் எந்தக் காட்டைக் கொள்ளையிட்டாள்? காவோலை இழுத்து வேலியடைப்பவன் பனைக்கு நன்மை செய்கின்றானேயன்றித் தீமை செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாக நமது மக்கள் கத்தியும் கொக்கத்தடியும் கொண்டு மரங்களைப் பேணியே வாழ்ந்திருக்கின்றனர். வெட்டினால் தழைக்கும் மரம் எது, வெட்டினாற் சாகும் மரம் எது என்பது அவர்களுக்குப் பாடம் சொல்லித் தெரியவேண்டியதன்று. வேம்பின் கொப்பை வெட்டினால் மறுமாரிக்குள் அது துளிர்க்கும். பனைக்கோ தென்னைக்கோ ஒரே குருத்து. அதனை வெட்டினால் மரமே முடிந்தது. இந்த வேற்றுமையைக் கமக்காரன் அறிவான். அறியாதது எழுதப்படாத விதிகளைக் காட்டி அவனை அலைக்கழிக்கும் நிருவாகமே.

அயலவர் மரம்

அடுத்த வளவில் நிற்கும் மரம் நமது எல்லைக்குள் நுழைந்தால் என் செய்வது? யாழ்ப்பாணத்து வழக்கு மன்றுகளில் வேலி வழக்குகளுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. அவற்றுட் பல ஒரு கிளையிலேயே தொடங்கியவை.

இவ்விடயத்தில் நமக்குச் சட்டமே இல்லையென்று எண்ணவேண்டாம். ஒல்லாந்தர் காலத்தில், 1706 ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராற் தொகுக்கப்பட்டு மறு ஆண்டிற் சட்ட வலுப்பெற்ற தேசவழமை, காணியையும் தோட்டத்தையும் பற்றிப் பேசுமிடத்து, எல்லை தாண்டிச் சாயும் மரத்தின் பலன் எவருக்குரியது என்பது வரை ஆராய்கின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் இதனை விதியாக எழுதத்தக்க விடயமென்று கருதினர் என்பதைக் கவனிக்க.

தேசவழமை மௌனமாயுள்ள இடத்தில் நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் வருகின்றது. எல்லை தாண்டும் மரத்தின் கிளைகளைப் பதினைந்து அடி உயரம் வரை களையவேண்டுமென்று உரோமரின் பன்னிரு பட்டயச் சட்டமே கூறிற்று. அதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில், 1951 ஆம் ஆண்டில், சீரீஸ் என்னும் ஊரின் நகரசபைக்கு எதிராக ஒருவர் தொடுத்த வழக்கு மேன்முறையீட்டு மன்றுவரை சென்றது. சபை வீதியோரம் வளர்த்த ஓக் மரங்களின் இலைகள் தமது கூரைப் பீலிகளை அடைக்கின்றன என்பது அவருடைய முறைப்பாடு. நிழலுக்காக வீதியில் மரம் வளர்ப்பது இயல்பான காரியம், காற்றில் வரும் இலையை ஊரவர் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று மன்று கூறிற்று. ஆயின் எல்லைக்குள் நீளும் கிளையோ வேறு. அதனை அகற்றுமாறு உரியவரை முதலிற் கேட்கவேண்டும். அவர் அகற்றாவிடின் பாதிக்கப்பட்டவர் எல்லைவரை தாமே வெட்டிக்கொள்ளலாம். இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

எவ்வளவு நேரிய நீதி! இலையைப் பொறு, கிளையைக் கேட்டு வெட்டு, மரத்தைக் கொல்லாதே. இந்த மூன்று வாக்கியங்கள் நமது ஒவ்வொரு ஊர்ச் சபையின் சுவரிலும் எழுதப்பட்டிருக்குமாயின் எத்தனை வழக்குகள் மிஞ்சும், எத்தனை உறவுகள் முறியாதிருக்கும்!

ஆனால் இன்றைய நமது கிராமங்களில் 'உரியவரைக் கேள்' என்பதே பெரும் சிக்கலாகிவிட்டது. உரியவர் எங்கே இருக்கின்றார்? ஒருவர் இலண்டனில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் எங்கிருக்கின்றார் என்பதே தெரியாது. போரினால் இடம்பெயர்ந்தோரின் காணிகள், பல ஆண்டுகள் ஆளரவமற்றுக் கிடந்து, வலிகாமம் வடக்கைப் போன்ற இடங்களில் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. சுவரைப் பிளந்து ஆலும் அரசும் வளர்ந்துள்ள வளவுகள் எத்தனை! அடுத்த வளவில் ஓட்டுக்கூரையின் கீழ்ப் பிள்ளைகளுடன் உறங்கும் குடும்பம், கடல் கடந்து வாழும் காணிக்காரரின் சம்மதக் கடிதம் வரும்வரை ஐப்பசிக் காற்றை நிறுத்தி வைக்க முடியுமா?

வீதி மரம் எவருடையது?

பொது இடத்து மரங்களின் நிலை இதனிலும் விந்தையானது. ஒரே ஊரில் மூன்று வகை வீதிகள் உள்ளன. 'ஏ', 'பி' தர வீதிகள் 1981 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தவை. 'சி', 'டி' தர வீதிகள் மாகாணத்தின் வீதித் திணைக்களத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை என்பவற்றின் பொறுப்பு. சந்தியில் நிற்கும் வாகை மரத்தின் அடி ஒரு வீதியிலும் கிளை மற்றொரு வீதியிலும் இருக்குமாயின், முறைப்பாடு செய்பவர் எந்த வாசலுக்குப் போவது? வீதியின் தரம் மரத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றதா?

இதனுடன் மின்கம்பியும் சேர்கின்றது. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், கம்பிக்கு இடையூறான மரத்தைக் களைவதற்கு முன்னறிவித்தல் கொடுக்கும் முறையொன்றை வகுத்தது. நல்லதே. ஆனால் ஊரவர் கண்டது என்ன? காலையில் வாகனம் வருகின்றது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கின்றார். மாலையில் திரும்பும்போது மாமரத்தின் ஒரு பக்கம் முழுவதும் இல்லை. வெட்டிய கொப்புகள் படலையை மறித்துக் கிடக்கின்றன. கம்பிக்கு வழிவிட மரம் களையப்படவேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஒரு பக்கம் மொட்டையடிக்கப்பட்ட மரம் மறுபக்கம் சாயும் என்பதை மட்டும் வெட்டுவோர் மறந்துவிடுகின்றனர். இன்று கம்பியைக் காத்த கத்தி, நாளை காற்றடிக்கும்போது அம்மரத்தை வீட்டின்மேல் வீழ்த்துகின்றது. இங்கிலாந்தின் 1989 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், கம்பிக்காக மரம் களைவோர் மரவளர்ப்பின் நல்ல முறைப்படி, மரத்திற்கும் வேலிக்கும் பயிருக்கும் இயன்றளவு குறைந்த சேதத்துடன் களையவேண்டும் என்று வெளிப்படையாகவே விதித்தது. ஆங்கிலேயரிடமிருந்து எத்தனையோ சட்டங்களை இறக்குமதி செய்த நாம், அதனை நடைமுறையிற் காண இன்னும் காத்திருக்கின்றோம்.

வீழக்கூடிய மரத்தினால் உயிராபத்து என்று கண்டால், குற்றவியல் நடபடிமுறைக் கோவையின் 98 ஆம் பிரிவின்கீழ்ப் பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவானிடம் கட்டளை கோரும் வழியும் உண்டு. வழியுண்டு என்பது உண்மை. ஆயினும், முறைப்பாடு, விசாரணை, அறிக்கை, தவணை என்று அது நீளும்போது மரம் மட்டுமே பொறுமையாக நிற்கவேண்டும்; காற்றுத் தவணை கேட்பதில்லை.

அனுமதியின் விலை

அனுமதிப்பத்திரத்திற்குக் கட்டணம் சிறிதாயிருக்கலாம். ஆனால் அதன் விலை பெரிது. கமக்காரர் ஒருவர் கிராம அலுவலரிடம் ஒரு நாள் போகின்றார்; அவர் கூட்டத்திற்குப் போயிருக்கின்றார். மறுநாள் போகின்றார், காணி உறுதியின் பிரதி கேட்கப்படுகின்றது. பிரதேச செயலகத்திற்கு ஒரு நாள். மரத்தைப் பார்வையிட உத்தியோகத்தர் வரும் நாளுக்காக இன்னும் சில நாட்கள். வெங்காயத்திற்கு நீர் இறைக்கவேண்டிய நாட்கள், மிளகாய்க்குப் புல்லுப் பிடுங்கவேண்டிய நாட்கள் வாங்கில் அமர்ந்தே கழிகின்றன. இறுதியில், "கிளை வெட்டுவதற்கு எங்களிடம் வரத் தேவையில்லையே, சபையைக் கேளும்" என்று ஒருவர் சொல்கின்றார். சபையோ, "அது செயலகத்தின் வேலை" என்கின்றது.

இதன் பலன் யாது? நேர்மையானவன் காத்திருக்கின்றான், துணிந்தவன் இரவில் வெட்டுகின்றான். காத்திருந்தவனின் கூரை உடைகின்றது. இரவில் வெட்டியவன் கிளையை மட்டும் வெட்டுவதில்லை, 'எப்படியும் குற்றந்தானே' என்று மரத்தையே வீழ்த்திவிடுகின்றான். சட்டத்தைப் பேணுபவனைத் தண்டித்து, மீறுபவனுக்குப் பரிசளிக்கும் முறை எதுவோ அது மரத்தையும் காப்பதில்லை, மனிதனையும் காப்பதில்லை. கிளை களைய வழியில்லாத ஊரில் மரங்களே குறைகின்றன. ஏனெனில், நட்டால் நாளைக்குத் தொல்லை என்று அஞ்சுபவன் நடவே மாட்டான்.

மறுப்போர் வாதம்

"கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் உள்ள மரங்களும் அழியும், போரில் நாம் இழந்த பனைகள் போதாதா?" என்று கேட்போர் உளர். அவர்கள் நல்லெண்ணத்துடனேயே கேட்கின்றனர். அவர்களுக்கு விடை கூறவேண்டும்.

போர்க்காலத்திற் பனை பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் பனங்குற்றியே வேலியாயிற்று. தலையற்ற பனைகள் வரிசை வரிசையாக நின்ற காட்சியைக் கண்ட கண்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. அன்று தோப்புத் தோப்பாக வீழ்த்தியோர் எவரும் அனுமதிப்பத்திரத்துடன் வந்தாரல்லர் என்பதையும் நாம் மறக்கவில்லை. கிழக்கிலோ, 1978 ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோட்டங்களை நிலத்தோடு சாய்த்தது. நட்ட பனை காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். ஆகவே பெண்பனையை வீழ்த்துவதற்கு விதிக்கப்பட்ட தடையின் ஒரு எழுத்தையேனும் தளர்த்தும்படி நாம் கோரவில்லை. 1978 ஆம் ஆண்டில் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் கருத்தறிந்தே அனுமதி வழங்கவேண்டுமென்பதை இன்னும் இறுக்கமாக்கினும் ஆதரிப்போம். தீராந்திக்கும் சிலாகைக்கும் காசு கிடைக்கின்றதென்று காய்க்கும் பனையை விற்பவன் தன் பேரப்பிள்ளையின் சோற்றை விற்கின்றான்.

ஆனால் வீழ்த்துதலைத் தடுப்பதற்காகக் களைதலையும் சேர்த்து மறிப்பது, திருடனைப் பிடிப்பதற்காகத் தெருவையே மூடுவது போலாகும். உத்தியோகத்தரின் நேரம் அளவுள்ளது. வேப்பங்கிளைக்கும் முருங்கைக்கும் அறிக்கை எழுதிக்கொண்டிருப்பவருக்கு, இரவில் லொறியில் ஏறும் முதிரைக் குற்றியைப் பிடிக்க நேரமேது? சிறியதை விடுவித்தாற்றான் பெரியதைக் காக்கலாம்.

நமது சபைகள் செய்யவேண்டியது

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே கடமை. நமது வடக்கு கிழக்கு உள்ளூராட்சி மன்றங்கள் ஒவ்வொன்றும் மரங்களைப் பற்றி ஒரு துணைவிதியை இயற்றவேண்டும். அது நான்கு பக்கங்களுக்கு மேற்படவேண்டியதில்லை. அதில் அடங்கவேண்டியவை இவை:

முதலாவது, 'வீழ்த்துதல்' என்பதும் 'களைதல்' என்பதும் வெவ்வேறாக வரையறுக்கப்படவேண்டும். வேலிக் கதியால், பசளைக் குழை, ஆட்டுத் தீன், காவோலை, பழமரக் கவாத்து ஆகியவற்றிற்கு எந்த அனுமதியும் வேண்டியதில்லை என்று வெளிப்படையாக எழுதவேண்டும். பெருமரங்களில் ஒரு தடவையிற் கிளைப்பரப்பின் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாத களைதலும் இவ்வாறே விடுவிக்கப்படவேண்டும்.

இரண்டாவது, காக்கப்படவேண்டிய மரங்களின் பட்டியல் வெளியிடப்படவேண்டும். ஊரின் பழைய ஆல், அரசு, மருது, இலுப்பை என்பன எங்கெங்கு நிற்கின்றன என்று கணக்கெடுத்து, காணிக்காரருக்கு அறிவித்து, ஆட்சேபம் கேட்டபின் பட்டியலிற் சேர்க்கவேண்டும். பட்டியலில் இல்லாத மரத்திற்கு அதிகாரியின் வாய்மொழித் தடை செல்லாது.

மூன்றாவது, ஒரே வாசல் வேண்டும். வீதி எத்தரமாயினும், முறைப்பாட்டையும் விண்ணப்பத்தையும் சபையே ஏற்று, உரிய திணைக்களத்திற்குத் தானே அனுப்பவேண்டும். கடிதம் அலையட்டும்; மனிதன் அலையலாகாது.

நான்காவது, காலவரையறை வேண்டும். விண்ணப்பத்தை ஏற்றதற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு அன்றே கொடுக்கப்படவேண்டும். பதினான்கு நாட்களுக்குள் மறுமொழி இல்லையாயின் களைவதற்கு அனுமதி கிடைத்ததாகக் கொள்ளப்படவேண்டும். இது புதுமையான கோரிக்கையன்று. இங்கிலாந்தின் 1990 ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தின்கீழ், பாதுகாப்புப் பிரதேசத்தில் உள்ள மரத்தைக் களைய விரும்புபவர் சபைக்கு ஆறு வார முன்னறிவித்தல் கொடுக்கின்றார். அதற்குள் மரத்தைப் பாதுகாக்கும் கட்டளையைச் சபை பிறப்பிக்காவிடின் அவர் தம் வேலையைச் செய்யலாம். அதிகாரியின் தாமதத்திற்கு அதிகாரியே பொறுப்பாளி, குடிமகன் அல்லன்.

ஐந்தாவது, உடனடி ஆபத்துக்கு விலக்கு வேண்டும். முறிந்து தொங்கும் கிளையை, படம் பிடித்து வைத்துக்கொண்டு, உடனே வெட்டலாம். இரண்டு நாட்களுக்குள் சபைக்கு அறிவித்தாற் போதும்.

ஆறாவது, அயலவருக்கும் ஊரில் இல்லாதவருக்கும் அறிவித்தல் முறை வேண்டும். காணிக்காரர் ஊரில் இல்லாவிடின், அறிவித்தலை அவருடைய படலையிலும் கிராம அலுவலரின் பலகையிலும் பதினான்கு நாட்கள் ஒட்டிவைத்தபின், சபையின் மேற்பார்வையில், எல்லைவரையுள்ள கிளை களையப்படலாம். வெட்டிய மரத்திற்குக் கணக்கு வைக்கப்படவேண்டும். உரியவரின் உரிமையும் கெடாது. அயலவரின் உயிரும் கெடாது.

ஏழாவது, சபை தன்னையும் இவ்விதிக்கு உட்படுத்தவேண்டும். ஆண்டுதோறும் ஆவணியில், மாரி தொடங்குமுன், பாடசாலை, சந்தை, மருத்துவமனை, பேருந்துத் தரிப்பிடம் ஆகியவற்றின் மரங்கள் பரிசோதிக்கப்பட்டு அறிக்கை சபையில் வாசிக்கப்படவேண்டும். சபையின் ஊழியருக்கு மரம் களையும் பயிற்சி அளிக்கப்படவேண்டும். வெட்டிய கொப்புகள் அன்றே அகற்றப்படவேண்டும். வீழ்த்தப்பட்ட ஒவ்வொரு பொதுமரத்திற்கும், அது ஏன் வீழ்த்தப்பட்டது, மரம் எவருக்கு எவ்விலைக்குப் போயிற்று, அதற்கீடாக எங்கே எது நடப்பட்டது என்ற பதிவேடு திறந்து வைக்கப்படவேண்டும். மின்கம்பி வேலைக்கு வருவோருடனும் வீதித் திணைக்களங்களுடனும் இதே முறையில் இணக்கம் காணவேண்டும்.

சபையின் துணைவிதி பாராளுமன்றச் சட்டத்தை மீற முடியாது என்பதை நாம் அறிவோம். பலா, ஈரப்பலா, பெண்பனை என்பவற்றை வீழ்த்துவதற்குள்ள தடையை எந்தச் சபையும் நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. ஆனால் சட்டம் பேசாத இடத்தில் சபை பேசலாம், பேசவேண்டும்.

கையிலுள்ள அதிகாரம்

இனி, நமது சொந்தத் தலைவர்களை நோக்கிச் சில சொற்கள்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் துணைவிதி இயற்றும் அதிகாரத்தைச் சபைகளுக்கு வழங்கியது. நகர சபைகளுக்கு 1939 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், மாநகர சபைகளுக்கு 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதே அதிகாரத்தை அளித்தன. வடமாகாண சபை 2018 ஆம் ஆண்டிற் பதவிக்காலம் முடிந்து கலைந்தபின் பல ஆண்டுகள் ஆளுநர் ஆட்சியே நடந்தது என்பது உண்மை. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்தன என்பதும் உண்மை. ஆயின் 2025 மே 6 ஆம் திகதி மக்கள் வாக்களித்தனர்; சபைகள் மீண்டும் கூடின. அங்கே நமது பிரதிநிதிகளே அமர்ந்தனர். மரக்கிளைக்கு விதி செய்வதைக் கொழும்பு தடுக்கின்றது என்று எவரும் கூற முடியாது.

ஆளுநரின் அங்கீகாரம் கிடைக்காதென்றால், அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். அனுப்பாமலே கிடைக்காதென்பது சோம்பலுக்குக் கொள்கைச் சட்டை அணிவிப்பதாகும். பெரிய அதிகாரம் வேண்டுமென்று கேட்பது நமது உரிமை. அதனை ஒருநாளும் கைவிடோம். ஆனால் கையில் உள்ள சிறிய அதிகாரத்தைத் துருப்பிடிக்க விட்டுவிட்டுப் பெரியதைக் கேட்பவனின் குரலில் வலுவிருக்குமா? தன் ஊர் மரத்திற்கு நீதியான விதியொன்றை எழுதி, அதனைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு வீட்டிற்கும் கொடுத்து, தானும் அதற்கு அடங்கி நடக்கும் சபை, ஆயிரம் மேடைப் பேச்சுகளை விட உரத்த குரலிற் சுயாட்சியைப் பேசுகின்றது.

பொதுமக்களுக்கும் கடமையுண்டு. சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் விவசாய உத்தியோகத்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் தத்தம் ஊர்ச் சபைக்கு இவ்விதியை எழுதிக் கொடுக்க முன்வரவேண்டும். அதற்குக் கட்டணம் கேட்கவேண்டாம். கமக்காரர் சங்கங்கள் தமது வழக்கங்களைத் திரட்டிக் கொடுக்கவேண்டும். எந்தக் குழை எப்போது வெட்டுவது, எந்த மரத்தை எவ்வளவு களைவது என்பதை அவர்களிடமிருந்தே விதி கற்கவேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தத்தம் சபை கடந்த ஆண்டு எத்தனை பொதுமரங்களை வெட்டிற்று, எத்தனை முறைப்பாடுகள் மறுமொழியின்றிக் கிடக்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். கேள்வி கேட்கப்படாத சபை விரைவில் உறங்கிவிடும்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பர். ஆண்டுதோறும் ஐப்பசியும் கார்த்திகையும் தவறாது வருகின்றன. காற்றும் தவறாது வருகின்றது. அடுத்த மாரிக்கு முன் எத்தனை சபைகள் இந்த நான்கு பக்கங்களை எழுதி முடிக்கப்போகின்றன? உங்கள் வட்டாரத்து உறுப்பினரை இந்த வாரமே சந்தித்து இதனைக் கேளுங்கள். அவர் கூறும் விடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் மீண்டும் உங்கள் படலைக்கு வரும் நாளில் அது உதவும்.